கடல் ஆடும்போது கமெரா: திருகோணமலையில் நீருக்கடியில் வீடியோ எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவிலும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியிலும் ஸ்கூபா உபகரணத்தோடு இறங்கி வீடியோ எடுத்துவருகிறேன். கடலுக்குக் கமெராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விடயத்தைத்தான் கேட்கிறார்கள்: தண்ணீர் இப்படி ஆட்டும்போது படத்தை எப்படி நிறுத்துவது? அந்தக் கேள்விக்கும் அதைச் சுற்றி வரும் கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அலையாட்டம் என்பது நீரோட்டம்தானே?

இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எடுக்கும் முடிவெல்லாம் பிழைக்கும். நீரோட்டம் உங்களை ஒரே திசையில் கொண்டுபோகும். அலையாட்டம் கொண்டுபோய், கொஞ்சம் தயங்கி, திரும்பக் கொண்டுவந்து விடும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா மிதந்தால், தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள்.

மேலே அலை கடந்து போகும்போது அதன் கீழுள்ள நீர் அதோடு சேர்ந்து ஓடுவதில்லை, நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது. கீழே போகப் போக அந்த வட்டம் சுருங்கும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் கரையோரத்தில் தரை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. வட்டமிட இடமில்லாமல் நசுங்கி நீள்வட்டமாகி, தரையை ஒட்டி வெறும் முன்னும் பின்னுமான அசைவாக மாறுகிறது. கடல் விசிறிகள் (விசிறி போல விரிந்த பவள உயிர்கள்) எல்லாம் ஒன்றாய்ச் சாய்ந்து ஒன்றாய் நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நாம் பேசும் ஆட்டம் அதுதான்.

மேலே கடல் கண்ணாடி போல இருந்தது. பத்து மீற்றர் ஆழத்தில் தூக்கித் தூக்கிப் போட்டது. எப்படி?

எல்லோரும் அலையின் உயரத்தைப் பார்க்கிறார்கள். சுழியோடிக்கு உயரத்தைவிட அலைகளுக்கு இடையிலான நேரம்தான் முக்கியம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீற்றர் உயர அலை, 5 செக்கனுக்கு ஒன்று வருகிறது. பத்து மீற்றர் ஆழத்தில் தரைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களை அது ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர்தான் நகர்த்தும். அதே ஒரு மீற்றர் அலை 10 செக்கனுக்கு ஒன்றாக வந்தால், அதே ஆழத்தில் நகர்வு ஏறக்குறைய 1.4 மீற்றர். உயரம் மாறவில்லை, ஆழம் மாறவில்லை, ஆட்டம் மூன்று மடங்குக்கு மேல். காரணம், அலைநீளம் நேரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஆழ்கடலில் 5 செக்கன் அலையின் நீளம் சுமார் 39 மீற்றர், 10 செக்கன் அலையின் நீளம் 156 மீற்றர். நீண்ட அலை நெடுந்தூரம் பயணித்து வந்தது. சரிவு மெல்லியதாக இருப்பதால் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது, அதன் ஆட்டம் மட்டும் கீழே வரை எட்டும்.

ஆகவே முன்னறிவிப்பைப் பார்க்கும்போது உயரத்துக்குப் பக்கத்தில் செக்கனில் எழுதியிருக்கும் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். என் அனுபவத்தில் 7 செக்கனுக்குக் கீழே என்றால் ஆழமற்ற பாரிலும் (கடலடிப் பாறைத்திட்டிலும்) நிம்மதியாகப் படம் எடுக்கலாம். 11, 12 என்று வந்தால் அன்றைய திட்டத்தையே மாற்றிவிடுவேன்.

திருகோணமலையில் எந்த மாதங்கள் நல்லவை?

மே முதல் செப்ரெம்பர் வரை. வாடைக்காற்றுக் காலத்தில், நவம்பர் தொடங்கி மார்ச் வரை, கிழக்குக் கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அடங்கிவிடுகிறது. இருந்தாலும் பிற்பகலில் காற்று ஏறும். விடிந்ததும் வள்ளம் ஏறிவிட வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அறுகம்பையில் அலைச்சறுக்கு உச்சத்தில் இருப்பதும் இதே மாதங்களில்தான். தெற்கிலிருந்து வரும் அந்த நீண்ட அலைகளின் தேய்ந்த மிச்சம் எங்கள் பக்கமும் வந்து சேரும். மேலே அமைதி, கீழே ஆட்டம் என்ற நாட்கள் இப்படித்தான் வருகின்றன. கடலின் ஏற்றவற்று இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகையால் அதைப் பெரிதாகக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

ஆட்டமில்லாத ஆழத்துக்குப் போய் எடுத்தால் என்ன?

எடுக்கலாம். ஆனால் நிறமும் உயிரும் மேலேதான் இருக்கின்றன. மூன்று முதல் எட்டு மீற்றர் வரை சூரிய ஒளி நேரே விழுகிறது. முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) செழிப்பது அங்கே, கிளிமீன் கூட்டம் மேய்வது அங்கே. புறாத் தீவில் செட்டை நுனி கறுத்த சுறாக்கள் இடுப்பளவு நீருக்குக்கூட வந்துபோகும். ஆட்டத்துக்குப் பயந்து அந்த அடுக்கை விட்டுவிட்டால் பாரின் பாதிக் கதையை விட்டதாகிவிடும்.

சரி, நான் என்னை எப்படி அசையாமல் நிறுத்துவது?

நிறுத்தக் கூடாது. நான் சொல்ல விரும்பும் எல்லாமே இந்த ஒரு பதிலுக்குள் அடங்கும், ஆகையால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் பருவத்தில் நான் தண்ணீரோடு சண்டை பிடித்தேன். அலை தள்ளும்போது எதிர்த்து உதைப்பேன், இழுக்கும்போது மறுபக்கம் உதைப்பேன். 40 நிமிடத்தில் முடிய வேண்டிய காற்று 25 நிமிடத்தில் முடிந்தது. கரையில் வந்து பார்த்தால் படம் முழுக்க நடுக்கம். அலையின் அசைவு மெதுவானது, சீரானது, கண்ணுக்கு உறுத்தாதது. உறுத்தியது என் உதைப்பின் குலுக்கல். அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது.

ஒரு வண்ணாத்தி மீனைக் கவனித்துப் பாருங்கள். அது ஆட்டத்தை எதிர்ப்பதில்லை. நீரோடு போகிறது, நீரோடு வருகிறது, அந்த ஊஞ்சலுக்குள் இருந்துகொண்டே முருகையைக் கொத்துகிறது. நீங்களும் அதே நீரில், அதே ஆழத்தில் கைகால் அடக்கி மிதந்தால் உங்களையும் அதையும் ஒரே நீர் ஒரே அளவில் நகர்த்தும். மீன் படத்தின் சட்டத்துக்குள் அசையாமல் நிற்கும், பின்னால் உள்ள பாறைதான் போய் வரும். அப்படி வந்த படத்தைப் பார்க்கிறவர் தானும் அந்த நீருக்குள் இருப்பதாக உணர்வார்.

இதற்கு மிதப்புக் கட்டுப்பாடு கைவந்திருக்க வேண்டும். கமெரா இல்லாமல் ஆட்டத்தில் பத்து நிமிடம் பாரைத் தொடாமல், கையை வீசாமல் மிதக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் கமெராவை வள்ளத்தில் விட்டுவிட்டு அதைப் பழகுங்கள். எடைப் பட்டியில் கொஞ்சம் கவனம் வேண்டும். 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் உள்ள காற்றின் எடை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அந்த அழுத்தம் 50 பாருக்கு இறங்கும்போது இரண்டு கிலோ இலேசாகிவிட்டிருப்பீர்கள். நான்கு மீற்றர் ஆழத்தில் அது உங்களை மேலே தூக்கும், அங்கேதான் ஆட்டமும் அதிகம். ஆரம்பத்தில் சரியாக இருந்த எடை முடிவில் போதாமல் போவது இதனால்தான். ஆழமற்ற இடத்தில் முடிக்கும் திட்டமென்றால் ஒரு கிலோ கூட்டிக்கொள்கிறேன்.

நகர்ந்துகொண்டே இருந்தால் பாறையையோ கடல் விசிறியையோ எப்படி எடுப்பது? அவை மீனைப் போலக் கூட வராதே.

ஒரு வீச்சு, ஒரு ஷாட். ஆட்டம் ஒரு பக்கம் போய் முடியும் இடத்தில் நீர் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் சட்டத்தை அமைத்துக்கொண்டு, அடுத்த வீச்சு உங்களைக் கொண்டுபோக விடுங்கள். 10 செக்கன் அலையில் ஒரு திசை வீச்சு 5 செக்கன். ஒரு ஷாட்டுக்கு அது தாராளம். நிலத்தில் தண்டவாளம் போட்டு கமெராவை உருட்டி எடுக்கும் அசைவை இங்கே கடல் இலவசமாகத் தருகிறது. திரும்பி வரும் வீச்சையும் பதிவுசெய்யுங்கள், ஆனால் அதை வேறு ஷாட்டாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கமெராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதை யோசித்து முடிவெடுக்க வேண்டும். வீச்சின் திசையிலேயே பார்த்தால் பொருளை நோக்கி மெல்ல நெருங்கும் ஷாட் கிடைக்கும். குறுக்கே பார்த்தால் பாரின் ஓரமாக வழுக்கிப் போகும் ஷாட் கிடைக்கும். நெருங்கும் ஷாட்டில் கவனம்: முன்னால் உள்ள இடைவெளி வீச்சின் நீளத்தைவிட அதிகமா என்று ஒரு சுற்று வெறுமனே ஆடிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் முருகையில் போய் முட்டும். கண்ணாடி கீறினால் மாற்றலாம். முறிந்த முருகைக் கிளை திரும்ப வளரப் பல வருடங்கள் செல்லும்.

அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். பெரியவை சில அடுத்தடுத்து வந்து போன பிறகு கொஞ்ச நேரம் அடங்கும். இறங்கியவுடன் எடுக்கத் தொடங்காமல் இரண்டு, மூன்று நிமிடம் எண்ணிப் பாருங்கள். அடக்கம் எப்போது வருகிறது என்று பிடிபட்டுவிடும். கஷ்டமான ஷாட்டை அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொள்ளலாமா?

புறாத் தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். அங்கே முருகையைத் தொடுவது, மிதிப்பது, பிடிப்பது எதுவும் கூடாது. தடை இருப்பதால் மட்டும் சொல்லவில்லை. உயிருள்ள முருகையின் மேல்தோல் மிக மெல்லியது. கையுறை போட்ட கை ஒருமுறை இறுகப் பிடித்தாலே அது கிழியும். ஆட்டத்தில் பிடிக்கும் கை மெதுவாகப் பிடிப்பதில்லை.

உங்களுக்கும் நல்லதில்லை. நீண்ட முள்ளுள்ள கடல் முள்ளெலிகள் ஒதுங்கிக் கிடப்பது நீங்கள் கைவைக்க நினைக்கும் அதே பொந்துகளில்தான். போதாக்குறைக்கு, பிடித்தால் படமும் கெடும்: கை நிலையாக நிற்கும், உடல் கொடி போல ஆடும், கமெரா இரண்டுக்கும் நடுவில் சுழலும். மணல் தரையில் சிறிய உலோகக் கோலை ஊன்றிக்கொள்வது மட்டும் எனக்குச் சரியாகப் படுகிறது, அதுவும் அந்த மணலில் எதுவும் படுத்திருக்கவில்லை என்று பார்த்த பிறகு.

கமெராவின் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) இதையெல்லாம் சரிசெய்துவிடாதா?

பாதி செய்யும். கோப்ரோ போன்றவற்றில் உள்ள உணரி கமெரா திரும்புவதையும் சரிவதையும் கண்டுபிடித்து ஈடுசெய்கிறது. ஆனால் அலையாட்டத்தின் பெரும்பகுதி திரும்பல் அல்ல, இடப்பெயர்ச்சி. நீங்கள் முழுதாக ஒரு மீற்றர் பக்கவாட்டில் போய்விட்டால் எந்த உணரியும் உங்களைத் திரும்பக் கொண்டுவராது. கைநடுக்கத்துக்கு அது மிக நல்லது, போட்டே வையுங்கள். படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து சட்டத்தை அகலமாக அமையுங்கள்.

பின்னர் கணினியில் செய்யும் ஸ்டெபிலைசேஷனில் வேறொரு சிக்கல். அது படத்தில் உள்ள புள்ளிகளைப் பின்தொடர்கிறது. புள்ளிகள் மீன்கூட்டத்திலோ ஆடும் கடல் விசிறியிலோ விழுந்துவிட்டால், அவற்றை நிறுத்திப் பாறையை நீந்தவைக்கும்.

என்ன வேகத்தில் பதிவுசெய்வது?

செக்கனுக்கு 50 சட்டம் எடுத்து, 25இல் ஓடவிடுங்கள். 5 செக்கன் வீச்சு 10 செக்கனாக விரியும். ஆட்டம் பாதியாகத் தணிந்து, தாலாட்டு மாதிரி ஆகிவிடும். ஷட்டர் 1/100 அளவில் இருந்தால் அசைவு இயல்பாகத் தெரியும். 100, 120 என்று ஏற்றினால் ஆமை பாகில் நீந்துவது போலத் தெரிகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. தவிர, ஒளியும் போதாது.

மணல் கிளம்பிப் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. நிறமும் பச்சையாக வருகிறது.

மணலைக் கிளப்புவது பாதி அலை, பாதி நீங்கள். காலில் மாட்டும் ஃபின்னைக் கீழ்நோக்கி உதைக்காமல், முழங்காலை மடித்துத் தவளை நீந்துவது போலப் பக்கவாட்டில் உதையுங்கள். தரையிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் உயர்ந்து நின்று, கமெராவைக் கொஞ்சம் மேல்நோக்கிப் பிடித்தால் கலங்கல் சட்டத்துக்குக் கீழே தங்கிவிடும். அகன்ற கோண லென்ஸ் போட்டுப் பொருளுக்கு மிக அருகில் போவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தீர்வு. இடையில் தண்ணீர் குறையக் குறையத் தூசியும் குறையும், நிறமும் மீளும். அகன்ற கோணத்தில் நடுக்கமும் குறைவாகவே தெரியும்.

சிவப்பு நிறம்தான் நீரில் முதலில் போகும். ஐந்து மீற்றரிலேயே மங்கிவிடுகிறது. வெள்ளைப் பலகை ஒன்றைக் காட்டி, ஆழம் மாறும்போதெல்லாம் வெள்ளைச் சமநிலையைக் கையால் அமையுங்கள். கோப்ரோவென்றால் சிவப்பு ஃபில்டர் உதவும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்வரை. விளக்குப் போட்டால் ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் எல்லாம் செக்கச் சிவந்துபோகும். கலங்கிய நாளில் விளக்குகளைக் கைகளை விரித்தது போல இரு பக்கமும் தள்ளி வையுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு மணற்துகளும் நட்சத்திரமாக மின்னும்.

சின்ன உயிர்களை மிக அருகிலிருந்து எடுக்கலாமா?

ஆட்டமுள்ள நாளில் வேண்டாம். ஃபோகஸ் ஒரு விரல் அகலம், நகர்வு ஒரு மீற்றர். பாறையின் மறைவில் ஒதுக்கம் கிடைத்தால் மட்டும், ஃபோகஸைப் பூட்டிவைத்து, வீச்சின் முடிவில் நீர் தயங்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருக்கலாம்.

எந்தக் கமெரா வாங்குவது?

கையில் இருப்பதே போதும். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள தட்டு ஒன்றை மட்டும் கட்டாயம் வாங்குங்கள். ஒற்றைக் கையில் பிடித்த சிறு கமெராவின் குலுக்கலில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். கமெராவின் நீர்புகா உறையை அடைக்கும் றப்பர் வளையமான ஓ-றிங்கை ஒவ்வொரு நாளும் கழற்றித் துடைத்துப் பாருங்கள், ஒரு தலைமுடி போதும் தண்ணீர் உள்ளே வர.

நீருக்கடியிலும் தலைசுற்றிக் குமட்டுகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை, நிறையப் பேருக்கு வரும். அதுவும் சின்னத் திரையையே உற்றுப் பார்த்தால் விரைவில் வரும். உடல் ஆடுவதைக் காது உணர்கிறது, கண் ஆடாத திரையைப் பார்க்கிறது. திரையைச் சட்டம் அமைக்க மட்டும் பாருங்கள், பிறகு அதற்கு மேலாக நிமிர்ந்து எடுக்கும் பொருளைப் பாருங்கள். குமட்டல் ஏறினால் பாரை விட்டு விலகி, கொஞ்சம் ஆழமான இடத்துக்குத் துணைவரோடு போனால் பெரும்பாலும் தணியும். வாந்தி வந்தேவிட்டால் மூச்சுவிடும் றெகுலேற்றரை வாயிலிருந்து எடுக்காமல், பிடித்துக்கொண்டே அதற்குள்ளேயே எடுத்துவிட்டு, ஊதிக் கழுவித் தள்ளுங்கள். கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் வாயை வெறுமையாக்கிய அடுத்த மூச்சில் உள்ளே போவது கடல்நீராகத்தான் இருக்கும்.

எப்போது கமெராவை மறந்துவிட வேண்டும்?

கமெரா கையில் இருக்கும்போது மனம் சட்டத்துக்குள் சுருங்கிவிடும். அதுதான் உண்மையான ஆபத்து. ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் காற்று, ஆழம், துணைவர் மூன்றையும் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் காற்று வேகமாகச் செலவாகும், ஆகையால் வழக்கத்தைவிட முன்கூட்டியே திரும்புங்கள்.

பாறைகளுக்கு இடையிலான ஒடுங்கிய வாய்க்கால், குகை, சுரங்கம் இவற்றுக்குள் ஆட்டமுள்ள நாளில் நுழையவே கூடாது, எவ்வளவு அழகாக ஒளி விழுந்தாலும். அகன்ற இடத்தில் மெதுவாகப் போகும் நீர் ஒடுக்கத்துக்குள் பாய்ந்து போகும். கமெராவைச் சுருள் கயிற்றால் மிதப்பு மேலங்கியின் வளையத்தில் கொழுவி வையுங்கள், ஒரே அழுத்தில் கழற்றக்கூடிய கொக்கியாக இருக்கட்டும். இரண்டு கையும் வேண்டிவந்தால் விட்டுவிடலாம், அது எங்காவது மாட்டினால் கழற்றியும் எறியலாம். மேலேறும் முன் பாதுகாப்புக்காக ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரிப்பதைப் பாறையோரம் செய்யாமல், வெளியே நீலத்துக்குள் போய், வள்ளத்துக்கு இடம் காட்டும் மிதவைக் குழாயை மேலே விட்டுச் செய்யுங்கள். வள்ளத்துக்குத் திரும்பும்போது முதலில் கமெராவைக் கொடுங்கள், பிறகு ஏறுங்கள்.

எடிட் செய்யும்போது எங்கே வெட்டுவது?

நீர் தயங்கும் இடத்துக்குச் சற்று முன்னால். வலப்பக்கம் போகும் வீச்சுக்கு அடுத்து வலப்பக்கம் போகும் இன்னொரு வீச்சை ஒட்டினால் கண் தடையில்லாமல் கடந்துவிடும். வலமும் இடமுமாக மாற்றி மாற்றி ஒட்டினால் பார்க்கிறவருக்கும் குமட்டும். முழு ஊஞ்சலையும், போய் வருவதை, படத்தில் ஓரிடத்திலாவது வெட்டாமல் வையுங்கள். அந்தக் கடல் அப்படித்தான் இருந்தது என்று தெரிய வேண்டும்.

சுவாமி மலையின் அடியில் கிடக்கும் பழைய கோயில் கற்களைப் படமெடுக்க முடியுமா?

முடியும், நல்ல நாளில், அந்த இடம் தெரிந்த வழிகாட்டியோடு. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். செதுக்கிய கற்கள் கடலுக்குள் போயின. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடித் தோழர் மைக் வில்சனும் இங்கே சுழியோடி அவற்றைக் கண்டார்கள். மனிதன் செதுக்கிய நேர்கோடு முருகை மூடிய பாறைகளுக்கு நடுவே தெரிவதை முதல்முறை பார்த்தபோது எனக்குப் பேச்சு எழவில்லை. இப்போதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதித்துத்தான் கமெராவைத் தூக்குகிறேன்.

எடுக்க மிகக் கடினமான இடமும் இதுதான். செங்குத்தான மலை என்பதால் மோதிய அலை அப்படியே திரும்பி, வரும் அலையோடு கலக்கிறது. சுவரோடு ஒட்டி நீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கும், சற்றுத் தள்ளினால் முன்னும் பின்னுமாக இழுக்கும். காதும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கொம்பியூட்டரும் இரண்டும் திணறும். சுவரை ஒட்டி நிற்காமல், கற்களை உங்களுக்கும் மலைக்கும் நடுவில் வைத்துக் கடல்பக்கம் நில்லுங்கள். தள்ளும் வீச்சில் எடுக்காதீர்கள், அது உங்களைக் கற்களின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடலை நோக்கி இழுக்கும் வீச்சில், விலகிப் போகும் ஷாட்டாக எடுங்கள். முதலில் ஒரு கல்லின் செதுக்கல் மட்டும் சட்டத்தில் இருக்கும். ஐந்து செக்கனில் நீங்கள் பின்வாங்க, அதைச் சுற்றியுள்ள பாறைகளும் மீன்களும், பிறகு மேலே வெளிச்சத்துக்கு ஏறும் மலையின் அடியும் தெரியவரும்.

எதையும் தொடவேண்டாம், புரட்டவேண்டாம், பாசியைத் துடைக்கவேண்டாம். ஒரு ஷாட் சரியாக வரவில்லையென்றால் அடுத்த வீச்சுக்குக் காத்திருங்கள், பத்து செக்கனில் வந்துவிடும்.